வீட்டிலிருந்து காணொளி பார்த்துச் செய்யும் உடற்பயிற்சி: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அட்டனுக்கு அருகில் ஒரு பாடசாலையில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மாலைகள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறேன். அண்மைக் காலமாக அங்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் யூடியூப்பில் ஏதாவது ஒரு பயிற்சிக் காணொளியைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். தலவாக்கலையில் கேட்ட அதே சந்தேகத்தை மஸ்கெலியாவிலும் கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே கேள்விகளைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தருகிறேன்.

டீச்சர், போனைப் பார்த்துச் செய்தால் உண்மையிலேயே பலன் கிடைக்குமா? ஜிம்முக்குப் போனால்தானே உடம்பு தேறும்?

கிடைக்கும். தசைக்கும் இதயத்துக்கும் தாங்கள் இருப்பது நகரத்து ஜிம்மா, லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பா, அதாவது திண்ணையா என்பது தெரியாது. எவ்வளவு பளு விழுகிறது, எத்தனை நாளைக்கு ஒருமுறை விழுகிறது, இடையில் எவ்வளவு ஓய்வு கிடைக்கிறது என்பவற்றைப் பொறுத்தே அவை மாறுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல், வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்திலோ 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கத்திலோ ஈடுபட வேண்டும் என்றும், அதோடு குறைந்தது இரண்டு நாட்கள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்றும் கூறுகிறது. அதற்கு ஜிம் வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை.

திரையைப் பார்த்து வீட்டில் பயிற்சி செய்வது புதிய வழக்கமும் அல்ல. அமெரிக்க நடிகை ஜேன் ஃபொண்டா 1982இல் வெளியிட்ட பயிற்சி ஒளிநாடாவை வாங்கி இலட்சக்கணக்கான பெண்கள் வீட்டுக் கூடத்திலேயே பயிற்சி செய்தார்கள். இதய நோயிலிருந்து மீள்பவர்களில் வைத்தியசாலைக்குச் சென்று பயிற்சி பெற்றவர்களையும் வீட்டிலேயே செய்தவர்களையும் ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறியிருந்தார்கள். ஆனால் வீட்டில் செய்த அந்த நோயாளிகளோடு ஒரு தாதியோ பயிற்றுநரோ தொடர்பில் இருந்து, செய்தார்களா, எப்படிச் செய்தார்கள் என்று விசாரித்து, அளவைக் கூட்டியும் குறைத்தும் சொல்லிக்கொண்டிருந்தார். காணொளி உங்களைக் கேட்பதில்லை, பார்ப்பதுமில்லை. கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி, அந்த ஆளின் வேலையை நீங்களே எப்படிச் செய்துகொள்வது என்பதைப் பற்றியதுதான்.

எத்தனை நாளில் தெரியும்?

முதல் இரண்டு மூன்று வாரங்களில் பயிற்சி இலகுவாகத் தொடங்கும். நரம்புகள் தசையை ஒழுங்காக வேலை வாங்கப் பழகிக்கொள்வதே அதற்குக் காரணம். தசை இன்னும் வளர்ந்திருக்காது. படியேறும்போது மூச்சு வாங்குவது குறைந்திருப்பதை நான்கு முதல் ஆறு வாரங்களில் உணரலாம். கண்ணாடியில் தெரியக்கூடிய மாற்றத்துக்கு இரண்டு மூன்று மாதங்கள் பொறுக்க வேண்டும். வாரத்துக்கு மூன்று நாட்கள் என்பது இந்தக் கணக்கின் அடிப்படை. வாரத்துக்கு ஒருநாள் மட்டும் செய்தால் இந்தக் காலக்கெடு எதுவும் பொருந்தாது.

நாள் முழுக்க மலையில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கிறேன். எனக்கு எதற்கு வேறு எக்சசைஸ்?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் மதிப்போடுதான் கேட்கிறேன், ஏனென்றால் கேட்பவர் சொல்வதில் பாதி முழு உண்மை. செங்குத்தான மலையில் கூடையோடு ஏறி இறங்கும் பெண்ணின் கால்களுக்கும் இதயத்துக்கும் மூச்சுக்கும் போதிய வேலை கிடைக்கிறது. நகரத்தில் கதிரையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எடுக்கப்பட்ட, குதிப்பும் ஓட்டமுமான காணொளியை, காலையில் பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) முடிந்து மலை ஏறி இறங்கி வீட்டுக்கு வந்த பிறகு செய்வதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கூடப்போவதில்லை, களைப்புத்தான் மிஞ்சும்.

மற்றப் பாதியைப் பார்க்க, ஒருமுறை சனசமூக நிலையத்தில் ஒரு தாயைச் சுவரில் முதுகை ஒட்டி நிற்கச் சொன்னேன். குதிகாலும் இடுப்பும் முதுகும் சுவரில் பட்டன. தலை படவில்லை, பின்னந்தலைக்கும் சுவருக்கும் இடையில் என் கைப்பிடி முழுதாக நுழைந்தது. இரண்டு கைகளையும் காதை ஒட்டி மேலே தூக்கச் சொன்னபோது, நெற்றி உயரத்துக்கு மேலே கைகள் போகவில்லை. இருபது ஆண்டுகளாகத் தலையில் கயிறு மாட்டி முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் இடுப்புக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்திலேயே அசைத்து வேலை செய்த உடம்பு அது. வேலை எந்த அசைவைக் கேட்டதோ அந்த அசைவில் அவர் இன்றும் என்னைவிட வலிமையானவர். கேட்காத அசைவுகள் அவரைவிட்டுப் போய்விட்டன. வேலைக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. வேலையில் அளவையும் வேகத்தையும் ஓய்வையும் பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையும் வேலை நேரமும் தீர்மானிக்கின்றன, பயிற்சியில் அவற்றை உங்கள் உடம்புக்கு ஏற்றபடி நீங்கள் தீர்மானிக்கிறீர்கள்.

ஆகவே மலையில் வேலை செய்கிறவர்கள் வியர்வை கொட்டவைக்கும் காணொளிகளை விட்டுவிட்டு, முதுகை நிமிர்த்துவது, தோள்பட்டைகளைப் பின்னால் இழுப்பது, கைகளைத் தலைக்கு மேல் கொண்டுபோவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது ஆகிய நான்கும் உள்ள காணொளியாகத் தேடுங்கள். வாரத்தில் இரண்டு நாள், பதினைந்து நிமிடம் போதும். நான் சொன்ன அந்தத் தாய் மூன்று மாதம் இதை மட்டுமே செய்தார். இப்போது அவர் தலை சுவரில் படுகிறது. இரவில் கழுத்து வலிக்குத் தைலம் தேய்ப்பதையும் நிறுத்திவிட்டார்.

எனக்கு மற்றது ஒன்றும் வேண்டாம், எடை குறைந்தால் போதும். வீடியோ செய்தால் குறையுமா?

பயிற்சியால் மட்டும் குறையும் எடை, நீங்கள் எதிர்பார்ப்பதைவிட மிகக் குறைவாகவே இருக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 நிமிடம் நன்றாக மூச்சு வாங்கும்படி பயிற்சி செய்தால் ஏறக்குறைய 160 கலோரி செலவாகும். கோதுமை மாவில் தேங்காய்ப்பூப் போட்டுத் தட்டிய ஒரு தடித்த ரொட்டியில் 200 கலோரிக்குக் குறையாமல் இருக்கிறது. ஒரு கோப்பை பிளேன்டீயில் (பாலில்லாத தேநீரில்) போடும் இரண்டு தேக்கரண்டிச் சீனி 30 கலோரிக்கு மேல் வரும். நாளைக்கு ஐந்து கோப்பை குடித்தால் 20 நிமிடப் பயிற்சியின் செலவு அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. உடம்புக் கொழுப்பில் ஒரு கிலோ குறைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எடைக் குறைப்பின் பெரும்பகுதி அடுப்படியில் நடப்பது விளங்கும்.

அதற்காகப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். சாப்பாட்டைக் குறைத்து எடை குறையும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. வலுவூட்டும் பயிற்சி செய்கிறவர்களுக்குத் தசை கரைவது குறைவு. எடை ஒரு கிலோகூட மாறாதபோதும் இரத்த அழுத்தமும் இரத்தத்தில் சீனியின் அளவும் சீராவதுண்டு. தராசை மட்டும் பார்த்துவிட்டு, பலன் தந்துகொண்டிருந்த ஒரு பழக்கத்தைக் கைவிட்ட பெண்கள் பலரை எனக்குத் தெரியும். அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடயம்.

28 நாளில் வயிறு தட்டையாகும் என்று போட்டிருக்கிறார்களே, அதைச் செய்யலாமா?

செய்யலாம், வயிற்றுத் தசை உறுதியாகும். ஆனால் ஓர் இடத்துத் தசைக்கு வேலை கொடுப்பதால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. உடம்பு கொழுப்பை எங்கிருந்து எடுக்கிறது என்பதைப் பரம்பரையும் ஆண் பெண் வேறுபாடும் வயதும் தீர்மானிக்கின்றன. 28 நாள் என்பது முந்தைய பதிலின் கணக்கோடு ஒத்துவராத காலம். காணொளியின் முகப்பில் போடும் ‘முன்பு’, ‘பின்பு’ படங்களில் வெளிச்சமும் நிற்கும் விதமும் உடுப்பும் மாறியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள்.

நாலு நிமிடம் போதும், ஏழு நிமிடம் போதும் என்கிறார்கள். அது ஆராய்ச்சியில் நிரூபித்தது என்கிறார்களே?

ஆராய்ச்சி உண்மை. அதைக் காணொளிக்காரர்கள் சொல்லும் விதத்தில்தான் விடுபடுதல் இருக்கிறது. நான்கு நிமிடக் கதை, ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டாவின் குழு 1996இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. 20 விநாடி முழு மூச்சாக, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழு எட்டுச் சுற்று. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே பயிற்சியுள்ள இளைஞர்கள். செய்தது ஆய்வுகூடத்தில் தடை பொருத்திய நிலைச் சைக்கிளில். கடைசிச் சுற்றில் அதற்குமேல் மிதிக்க முடியாமல் ஓய்ந்துபோகும் அளவுக்குப் பளு வைக்கப்பட்டிருந்தது. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம் செய்தார்கள், அதற்கு முன் உடம்பைச் சூடாக்கும் நேரம் தனி. சிரித்துப் பேசிக்கொண்டே நான்கு நிமிடம் கைகால் அசைக்கும் காணொளிக்கும் அந்த ஆய்வுக்கும் பொதுவாக இருப்பது கடிகாரம் மட்டுமே.

ஏழு நிமிடப் பயிற்சி 2013இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரையால் பரவியது: 12 அசைவுகள், ஒவ்வொன்றும் 30 விநாடி, இடையில் 10 விநாடி. அந்தச் சுற்றை இரண்டு மூன்று தடவை திரும்பச் செய்யலாம் என்றும் அதே கட்டுரை சொல்கிறது. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 20 நிமிடம் ஆகிவிடுகிறது. ஒன்றுமே செய்யாதிருப்பவருக்கு ஏழு நிமிடமும் நல்ல தொடக்கம்தான். 2020 வழிகாட்டலும் சிறுசிறு துண்டுகளாகச் செய்வதைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் ஏழு நிமிடம் செய்தால் மொத்தம் 21 நிமிடம் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துக் காம்பராவில் இடம் எங்கே இருக்கிறது? குதித்தால் பக்கத்துக் காம்பராவில் பாத்திரம் ஆடுகிறது.

பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் கட்டிலும் அலுமாரியும் போக மிஞ்சுவது ஒரு பாய் விரிக்கும் இடம்தான் என்பது எனக்குத் தெரியும். ஒரு பாய் அளவு போதும். தேடும்போது, ‘குதிப்பு இல்லாதது’, ‘நின்ற இடத்தில்’ என்று குறிப்பிட்ட காணொளிகளைத் தெரிவுசெய்யுங்கள். குதித்துச் செய்யும் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு கால் தரையில் இருக்கும் மாற்று உண்டு: குதித்து விரிப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் அடிவைத்தல், ஓடுவதற்குப் பதிலாக முழங்காலை இடுப்புவரை தூக்கி நடத்தல். மூச்சு வாங்கும் அளவு குறைந்ததாகத் தோன்றினால் வேகத்தைக் கூட்டுங்கள், அல்லது இன்னும் கொஞ்சம் தாழ உட்கார்ந்து எழுங்கள். சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு குதிப்பது முழங்காலுக்கும் குதிகாலுக்கும் ஏற்றதல்ல என்பதால், பக்கத்து வீட்டார் சொல்லாவிட்டாலும் இதையே சொல்லியிருப்பேன்.

வைகாசி முதல் மழை பிடிக்கும் மாதங்களில் வாசலில் பாசி படிந்திருக்கும். அங்கே செய்ய வேண்டாம். இஸ்தோப்பில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று கூச்சப்படும் பெண்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரே வீட்டில், ஒரே போனை வைத்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். டேட்டாவும் மிச்சம்; ஒருத்தி வராவிட்டால் மற்றவர்கள் போய்க் கூப்பிடுவதால் தொடர்ச்சியும் கிடைக்கிறது.

டம்பெல் கிம்பெல் ஒன்றும் இல்லாமல் தசை ஏறுமா?

ஏறும். இலகுவான பளுவாக இருந்தாலும் இதற்குமேல் இரண்டு மூன்று தடவைதான் முடியும் என்ற எல்லைவரை செய்தால், கனமான பளுவுக்கு ஈடாகத் தசை வளர்கிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. மிகக் கனமான ஒன்றை ஒரே தடவையில் தூக்கும் உச்ச வலிமை வேண்டுமானால் கனமான பளு தேவை. அதற்கு ஜிம்தான் வசதி.

வீட்டுக் காணொளிகளில் நான் காணும் பெரிய குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். தண்டால், உட்கார்ந்து எழுதல், பிளாங்க் (முழங்கைகளிலும் கால்விரல்களிலும் உடம்பைத் தாங்கி அசையாமல் இருத்தல்) எல்லாம் இருக்கும். எதையாவது தம் பக்கம் இழுக்கும் அசைவு இருக்காது, ஏனென்றால் அதற்குப் பிடித்து இழுக்க ஒரு பொருள் வேண்டும். முதுகுத் தசைக்கு அந்த அசைவுதான் உணவு. பிள்ளையின் பாடசாலைப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பொதியைப் போட்டு, இடுப்பில் மடங்கி, முதுகு நேராக, முழங்கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பையை விலாப்பக்கம் இழுங்கள். ஒவ்வொரு கைக்கும் பத்துப் பன்னிரண்டு தடவை. இலகுவானதும் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கூடப் போடுங்கள். அது ஒன்றரைக் கிலோ.

நல்ல வீடியோ எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொடக்கத்தில் உடம்பைச் சூடாக்க மூன்று நான்கு நிமிடமாவது கொடுக்கிறார்களா, ஒவ்வோர் அசைவுக்கும் இலகுவான வடிவத்தையும் காட்டுகிறார்களா, உடம்பைப் பக்கவாட்டிலிருந்து காட்டி முழங்காலும் முதுகும் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்கிறார்களா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது தனிக் காணொளியா, வாரத்துக்கு வாரம் ஏறும் வரிசையா என்று கவனியுங்கள். தினமும் புதிய காணொளியைத் தேடிப் போகிறவர்களைவிட, ஒரே வரிசையை எட்டு வாரம் செய்கிறவர்கள் தெளிவாக முன்னேறுகிறார்கள். அதன் காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. தமிழில் இருந்தால் நல்லது, கட்டாயமில்லை. தரவிறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் போய்விட்டது என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

முதல் இரண்டு மாதம் நல்ல வித்தியாசம் தெரிந்தது. இப்போது நாளாந்தம் செய்தும் ஒன்றும் மாறவில்லை. வீடியோ பழசாகிவிட்டதா?

காணொளி அன்று போலவேதான் இருக்கிறது. உங்கள் உடம்பு மாறிவிட்டது. முதல் நாள் உங்களை மூச்சிரைக்க வைத்த 15 தடவை உட்கார்ந்து எழுதல் இன்று வெறும் அசைவு. பழகிய பளுவுக்கு உடம்பு மேலும் மாற வேண்டிய தேவை இல்லை. வீட்டுக் காணொளிப் பயிற்சி பலன் தரவில்லை என்று சொல்கிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கிறார்கள். ஜிம்மில் ஒருவர் அடுத்த பளுத் தட்டை எடுத்து மாட்டிவிடுகிறார். வீட்டில் அதை மாட்ட ஆளில்லை.

ஏற்றுவதற்குப் பல வழிகள் உண்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எண்ணிக்கையைக் கூட்டலாம், கீழே போகும்போது மூன்று எண்ணி மெதுவாகப் போகலாம், ஓய்வைக் குறைக்கலாம், முன் சொன்ன பையைத் தோளில் மாட்டிக்கொள்ளலாம், இரண்டு காலில் செய்வதை ஒற்றைக் காலுக்கு மாற்றலாம். தண்டாலை முதலில் சுவரில், பிறகு மேசை விளிம்பில், பிறகு வாசற்படியில், கடைசியில் தரையில் என்று இறக்கிக்கொண்டே போகலாம். எங்கள் பாடசாலையில் உயர்தரம் படிக்கும் மாணவி ஒருத்தி சுவரிலிருந்து தரைக்கு வர ஐந்து மாதம் எடுத்தாள். தரையில் முதல் தண்டாலை முழுதாகச் செய்த அன்று அவள் எழுந்து நின்ற விதத்தை நான் மறக்கமாட்டேன்.

ஒரு கொப்பியை இதற்கென்றே வையுங்கள். திகதி, அசைவு, எத்தனை தடவை, எவ்வளவு கஷ்டம். மூன்று வாரம் ஒரே எண் எழுதப்பட்டிருந்தால் ஏற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முன்னேறுகிறேனா என்று வீட்டிலேயே எப்படி அளப்பது?

கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து 30 விநாடியில் எத்தனை தடவை முழுதாக எழுந்து நிற்க முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுப் பெண்ணுக்கு 12க்கும், ஆணுக்கு 14க்கும் குறைந்தால் அது சராசரிக்குக் கீழே. காலையில் எழுந்தவுடன் படுக்கையிலேயே ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். மாதக்கணக்கில் அது மெல்ல இறங்கினால் இதயம் வலுவாகிறது. தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து எழுதுங்கள். தெற்காசியர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கைக் கோடு. நான்காவதாக, உங்கள் லயத்திலிருந்து பிரதான பாதைக்கு ஏறும் படிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையாவது படியில் நின்று மூச்சு வாங்குகிறீர்கள் என்பது எந்தக் கருவிக்கும் குறையாத அளவு. மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வைகாசி வரை சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள், போன வருடம் எந்த இடத்தில் உட்கார்ந்தோம் என்பதை நினைவில் வைத்திருந்து ஒப்பிடலாம்.

செய்த மறுநாள் உடம்பெல்லாம் வலி. இது நல்ல வலியா, கெட்ட வலியா?

தசையின் நடுவில், இரு பக்கமும் ஒரே மாதிரி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய்த் தானாகக் குறைந்துவிடும் வலி சாதாரணமானது. மூட்டுக்குள் குத்தும் வலி, ஒரு பக்கத்தில் மட்டும் வரும் வலி, வீக்கம், இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலி ஆகியவை வந்தால் நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். வலித்தால்தான் பலன் என்பது தவறான நம்பிக்கை. பழகியபின் வலி குறைவது முன்னேற்றத்தின் அறிகுறி.

இரண்டு விடயங்களை மட்டும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். பழக்கமில்லாத ஒருவர் முதல் நாளிலேயே மிகக் கடுமையாகச் செய்தபின், தசைகள் வீங்கி, சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று பொருள். அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, திடீர் மயக்கம் வந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். அது இலவசச் சேவை.

எனக்குப் பிரஷரும் சீனியும் இருக்கிறது. வீடியோ பார்த்துச் செய்யலாமா?

உங்களுக்குத்தான் பயிற்சி மிகவும் தேவை, ஆனால் முதலில் கிளினிக்கில் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். 35 வயது கடந்தவர்கள் அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் இரத்த அழுத்தம், சீனி, எடை ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதித்துக்கொள்ளலாம். பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கிப் பளு தூக்கக் கூடாது. தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். தலை கீழாக இருக்கும் நிலைகளையும் நீண்ட நேரம் அசையாமல் தாங்கும் பிளாங்க்கையும் தொடக்கத்தில் விட்டுவிடுங்கள். பயிற்சி செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். அந்த அளவே உங்களுக்குப் போதும்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கும் சில வகைச் சீனிக் குளிசைகள் எடுப்பவர்களுக்கும் பயிற்சியின்போது சீனி திடீரென்று இறங்கலாம். வெறும் வயிற்றில் செய்யாதீர்கள். நடுக்கமும் குளிர்ந்த வியர்வையும் வந்தால் உடனே எடுக்கக்கூடிய தூரத்தில் சீனியோ குளுக்கோஸோ இருக்கட்டும். செய்து முடித்ததும் பாதங்களைத் திருப்பிப் பாருங்கள், உணர்ச்சி குறைந்த பாதத்தில் பட்ட காயம் தெரியாமல் போய்விடும்.

நுவரெலியாவில் இருக்கிறேன். வீடியோவில் உள்ளவர்களைவிட எனக்குச் சீக்கிரம் மூச்சு வாங்குகிறது. உயரம் காரணமா, எனக்குத்தான் ஏதும் வருத்தமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு. முழுமூச்சாகச் செய்யும் பயிற்சியில் சிறிது வித்தியாசம் தெரியும். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கும், மிதமான பயிற்சியில் உயரம் பெரிய தடையே அல்ல. காணொளியில் உள்ளவர் அதையே தொழிலாகச் செய்கிறவர், நடுவில் வெட்டி ஒட்டியும் இருப்பார்கள். குளிர்காலை நேரங்களில் உடம்பைச் சூடாக்க இரட்டிப்பு நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணாக இருந்து, மூச்சு வாங்குவதோடு களைப்பு, தலைச்சுற்று, கண்ணிமையின் உட்புறம் வெளிறியிருத்தல் ஆகியவையும் இருந்தால் இரத்தச்சோகையைச் சந்தேகியுங்கள். தோட்டப்புறப் பெண்களிடம் அது பரவலாக உள்ளது. ஹீமோகுளோபின் குறைந்திருக்கும்போது எந்தக் காணொளியும் உங்களை முன்னேற்றாது. இரத்தப் பரிசோதனை செய்து, குளிசை எடுத்து, அதன்பின் பயிற்சியைக் கூட்டுங்கள். தேயிலை விளைகின்ற மண்ணில் இதைச் சொல்வது கடினம்தான், ஆனாலும் சொல்கிறேன்: சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுவதைப் பெரிதும் குறைத்துவிடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் உறிஞ்சுவது கூடும்.

புரோட்டீன் பவுடர் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பருப்பு, கடலை, கௌபி, முட்டை, நெத்தலிக் கருவாடு, சோயா மீட் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று மூன்று வேளையும் தட்டில் இருந்தால் போதும். காலைச் சாப்பாடு ரொட்டியும் சம்பலும் மட்டுமே என்ற வீடுகளில், அதோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் அவித்த கடலையோ சேர்ப்பது, அந்தப் பவுடர் டின்னின் விலையில் சிறு பங்குக்கு நடக்கும்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தேன். பிறகு கொழுந்து கூடிய நேரம் வந்து, பிள்ளைக்கும் சோதனை வந்து, இரண்டு மாதம் விட்டுவிட்டேன். எல்லாம் போய்விட்டதா?

மூச்சுத்திறன் இரண்டு மூன்று வாரத்திலேயே இறங்கத் தொடங்கியிருக்கும், படியேறும்போது அதை உணர்வீர்கள். வலிமை அவ்வளவு விரைவாகப் போவதில்லை. ஒருமுறை வளர்ந்த தசை, முதல் தடவை எடுத்ததைவிடக் குறைந்த காலத்தில் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆகவே ஆறு மாத உழைப்பும் வீண் என்று எண்ணித் தொடங்காமல் இருக்க வேண்டாம். நிறுத்திய இடத்திலிருந்தே மறுபடி பிடிப்பதும் ஆபத்து, முன் சொன்ன பிளேன்டீ நிறச் சிறுநீர் இப்படித் திடீரென்று திரும்பி வருகிறவர்களுக்கும் வரக்கூடும்.

கொப்பியை எடுத்து, கடைசியாக எழுதிய எண்களைப் பாருங்கள். முதல் வாரம் அதில் பாதி, இரண்டாம் வாரம் முக்கால் பங்கு, மூன்றாம் வாரம் முழுதும் செய்யலாம். அடுத்த முறை கொழுந்து கூடும் காலத்தில் முழுதாக நிறுத்தாமல், வாரத்துக்கு ஒருநாள், அதே பளுவோடு, பாதி எண்ணிக்கை மட்டும் செய்யுங்கள். வலிமையைக் காப்பாற்ற அந்த ஒருநாளே பெரும்பாலும் போதுமானது, பருவம் முடிந்ததும் மூன்று நாளுக்குத் திரும்பலாம்.